தவக்காலத்துக்கு முன்

பெம்பான்
5 ஜனவரி 2026

அன்புள்ள தம்பி மார்வினுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால் மெயிலில் எழுதுகிறேன். நான் நலம் என்றே வைத்துக்கொள். நீ சொன்னபடி கோழி எரு, காய்ந்த புல், அழுகின கத்தரிக்காய் எல்லாம் அடுக்கி கம்போஸ்ட் போட்டுவிட்டேன். கையை உள்ளே விட்டால் சுடுகிறது.

பிப்ரவரி பதினெட்டு சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். உனக்காக என் கல்யாணத்தை மூன்று தடவை தள்ளிப்போட்டாயிற்று. ஆண்ட்ரூ பொறுமைசாலி, அவர் அம்மா அப்படியில்லை. எனக்கும் நாற்பத்தொன்று ஆகிறது. அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக நீதான் வரவேண்டும். அதற்குப் பிறகு நம் தோட்டத்தையும் நீதான் பார்க்கவேண்டும். டிக்கெட் தேதியை எழுது.

அன்பு அக்கா,
அக்னஸ்

ஹெரிஃபோர்ட், இங்கிலாந்து
12 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

இங்கே வயலெல்லாம் பனி. ஆனாலும் எங்கள் பண்ணையின் கம்போஸ்ட் குவியலிலிருந்து ஆவி பறக்கிறது, பார்க்கவே ஆசையாக இருக்கும். வசந்தம் வருவதற்குள் எல்லாப் பாத்திக்கும் எரு போடவேண்டும் என்று முதலாளி பறக்கிறார். நீங்களும் வாரம் ஒருமுறை புரட்டுங்கள். வெளியே இருப்பது உள்ளே போகவேண்டும். மழைக்குத் தார்ப்பாய் போடுங்கள், நனைந்தால் நாறும்.

தேதியை முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் லா.

உங்கள் தம்பி,
மார்வின்

பெம்பான்
20 ஜனவரி 2026

அன்புள்ள மார்வின்,

நான் தேதி கேட்டால் நீ சாணி அனுப்புகிறாய்.

வரும் ஞாயிறு கோயிலில் எங்கள் முதல் கல்யாண ஓலையை வாசிக்கிறார்கள். கல்யாணம் பிப்ரவரி பதினான்கு, சனிக்கிழமை. எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. துடைப்பத்தை எடுத்தால் எதற்கு எடுத்தேன் என்று மறந்துபோகிறது. குவியலைத்தான் தினமும் புரட்டுகிறேன். பக்கத்துத் தோட்டத்துத் தனபாலன் மாமா பார்த்துவிட்டு, "இப்படி நோண்டிக்கிட்டே இருந்தா அது எப்பம்மா மக்கும்?" என்று கேட்டார். இப்போது அதில் சூடே இல்லை.

வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும்.

அக்கா

ஹெரிஃபோர்ட்
3 பிப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

கோபப்படாதீர்கள். முதலாளி எப்போதோ போகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வந்தால் தோட்டம் என் தலையில் விழும், மறுபடி கிளம்ப முடியாது. ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சத்தியமாக வருகிறேன்.

மார்வின்

தெங்கேரா
15 பிப்ரவரி 2026

மார்வினுக்கு,

நேற்று கல்யாணம் முடிந்தது. ஆண்ட்ரூ வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

பயம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன், ஆனால் காத்திருந்திருக்க மாட்டேன். தோட்டத்தைத் தனபாலன் மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். பாதி மக்கின அந்தக் குவியலையும் அவரே பார்த்துக்கொள்வார். இனி எதுவும் உன் தலையில் விழாது.

கோயில் வாசலில் மாமா கையை நீட்டினார். "இல்ல மாமா, நான் தனியாவே போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதி வழியில் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன், ஒருவேளை நீ வந்திருப்பாயோ என்று. எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு பீடம் வரைக்கும் திரும்பவில்லை.

நன்றாக இரு.

அக்னஸ்