கைகட்டி நடந்தவளின் காலடிகள்

அன்பு மகள் ஃபியோனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் பார்பராவும் நானும் உடம்பால் நலம், மனத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஆண்டவர் துணையோடு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, ரிங்லெட் பக்கம் மண் சரிந்து பஸ் வராமல் போனது, அம்மாவின் முழங்கால் வலிக்குத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் தைலம் கொடுத்திருக்கிறார்கள். போனில் சொன்னால் அம்மா குறுக்கே பேசித் தடுத்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

கோயில் திருநாள் பவனியில் கொடி பிடித்து முன்னால் போகும் பிள்ளையை இந்த வருஷம் புது மாதிரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மறைக்கல்விப் பிள்ளைகள் எல்லார் கையிலும் காலடி எண்ணும் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டு, அதிகம் நடந்த பிள்ளைக்குக் கொடி என்றார்கள். யோசனை உன் லூயிஸ் மாமாவுடையது, கோயில் கமிட்டித் தலைவர் அல்லவா. உன் தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோட்டத்து லைன் வீட்டிலிருந்து தேயிலை மேட்டைத் தாண்டிப் பள்ளிக்கும் கோயிலுக்கும் தினமும் நடப்பவள் அவள் ஒருத்திதான். மாமா மகன் எட்ரியன் கெரேத்தாவில் வந்து வாசலில் கார்க் கதவைத் திறந்து இறங்குகிறவன். ஆனால் முடிவு சொன்ன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா மைக்கைப் பிடித்து, "பார்பரா நெதமும் நடக்குறேன்னு சொல்லுது, வாட்ச் இல்லேங்குதுலா. கால்ல நடந்தியா, கனவுல நடந்தியாம்மா?" என்று கேட்டார். கோயிலே சிரித்தது. கொடி எட்ரியனுக்கு. அன்றிலிருந்து பள்ளியில் அவளுக்குப் பெயர் கனவுக்காரி, கோயில் என்றாலே போர்வைக்குள் புகுந்துகொள்கிறாள். என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் பின்னாலேயே நடந்தேன். பனிக்கு அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். மேடு முழுக்க ஏறி முடித்தும் வாட்ச்சில் எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. திரும்பி வரும்போது கையை வீசி நடக்கச் சொன்னேன், எண் துள்ளிக் குதித்தது. அது கால்களை எங்கே பார்க்கிறது மகளே, மணிக்கட்டு ஆடுவதைத்தான் பார்க்கிறது. பிள்ளைகளின் குறுநடை அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை என்றும் பிறகு படித்தேன். அப்போதுதான் எட்ரியன் நினைவுக்கு வந்தான். பாட்டுக்குழுவில் டோலக் அடிப்பவன் அவன், உட்கார்ந்தபடியே மலை ஏறியிருக்கிறான்.

இதை மாமாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று அம்மா அழுகிறாள். ஏன் தனியாக? என்னைப் பற்றித் தோட்டத் துரையிடம் கோள் சொல்லி, எனக்கு வரவேண்டிய பெரிய கிராணி வேலையில், ஆபீஸ் கணக்குக்கெல்லாம் தலைவராக, அவர் உட்கார்ந்தாரே, அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாளா? போன ஞாயிறு பாட்டுப் பயிற்சிக்கு எல்லாரும் கூடும்வரை வாயே திறக்கவில்லை. பிறகு பார்பராவின் வாட்ச்சை எடுத்துப் போய், "மச்சான், கொஞ்ச நேரம் கட்டிக்குங்க" என்று அவர் கையில் மாட்டினேன். வழக்கம்போல் நின்ற இடத்தில் நின்று, கை தட்டிப் பாட்டு நடத்தினார். பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கி எண்ணைப் படித்துக் காட்டி, "பாருங்க, நம்ம தலைவர் நின்ன எடத்துலயே தானா ராத்தா போயிட்டு வந்துட்டாரு, அங்கருந்து ஒரு பாக்கெட் ரொட்டியாச்சும் வாங்கியாந்தீங்களா மச்சான்?" என்றேன். பாட்டுக்குழுச் செல்லையா அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. உன் மாமாவுக்குக் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஃபாதர் சொன்னதற்காக மாமா பார்பராவின் காதில் மன்னிப்பு என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். அது போதாது என்றேன். மைக்கில் அவமானப்படுத்தியவர் மைக்கிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். "புள்ள கிட்ட கேட்டாச்சு, ஒன் கிட்டயுமா மாப்ள கேக்கணும்?" என்று பொரிந்தவர், கமிட்டியை விட்டே போகிறேன் என்கிறார். போகட்டும். ஃபாதர் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கொடி பிடிக்கட்டும் என்றார், பார்பரா உடனே தலையாட்டிவிட்டாள், நேற்று எட்ரியனோடு பெலாச்சான் இறால் விழுது தடவிய மாங்காயைப் பங்கு போட்டுத் தின்றாள். அவள் மன்னித்துவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு அந்த வசதி இல்லை.

உனக்கு ஞானத் தகப்பன் என்ற உரிமையில் மாமா உன்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசச் சொல்வார். போனை எடு, நலம் விசாரி, அத்தையின் சுகத்தைக் கேள். கொடி விஷயம் வந்தால், மாமா மன்னிப்புக் கேட்கும்வரை அப்பா முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார், மைக்கும் பக்கத்தில்தான் இருக்கும் என்று மட்டும் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் பக்கம் நிற்கும், நீயும் என் பக்கம் நிற்க வேண்டிய
அப்பா டொனால்ட்