நத்தை பூட்டிய கார்

அண்ணே,

என் மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். நேற்றுக் கோயிலில் பூஜை போட்டு, மாலை சுற்றி, புனலூர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எல்லாரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பின்பக்கம் போனேன். டிக்கி மூடியில் வெள்ளி எழுத்தில் 'டர்போ' என்று ஒட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். இப்போது அது கடையிலிருந்தே வண்டியோடு வருகிறதாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றால், உன் மேல்தான் என்று நினைக்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்கள்தான் உனக்கு வருஷம். மற்ற மாதங்கள் அதற்காகக் காத்துக் கிடப்பவை. தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை அருவிக்குக் கொண்டுபோய், தலையில் எண்ணெய் வழிய வழிய திரும்பக் கொண்டுவந்து விடுவாய். வாடகைக்கு ஓட்டிய உன் சின்னஞ்சிறு பேபி காரின் சீட்டில் எந்நேரமும் நல்லெண்ணெய் வாசம் அடிக்கும். அந்த ஓட்டத்தில் வயிறு நிறையும், அவ்வளவுதான். மலை தாண்டிப் புனலூர், கொல்லம் என்று போகிற நல்ல ஓட்டமெல்லாம் பெரிய கார்களுக்கே போயிற்று. உன் கார் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு புளியரை வளைவுகளுக்குப் போனால் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஏறினவர்கள் இறங்கி நடக்க வேண்டும்.

"அண்ணாச்சி, அதுல ஏறாதிய. பாதி மலையில இறக்கி நடக்க விட்டுருவான்" என்று ஸ்டாண்டில் உன் காது கேட்கவே சொல்வார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவாய்.

எனக்குக் கல்யாணமாகிப் புனலூர் போன பிறகு முதல் ஆடிக்கு வீட்டுக்கு அழைத்தீர்களே, அப்போது கொல்லைப் பந்தலுக்குள் கார் வாய் பிளந்து நின்றது. பக்கத்தில் சாக்கு விரித்து, நத்தை போலச் சுருண்ட ஓர் இரும்புச் சாமான். எஸ்டேட்டில் உடைந்து கிடந்த வெளிநாட்டு டீசல் எஞ்சினிலிருந்து கழற்றி வாங்கி வந்ததாகச் சொன்னாய். நத்தையின் வயிற்றுக்குள் ஒரே தண்டில் இரண்டு சின்னக் காற்றாடிகள். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை ஒன்றைச் சுற்றும், அது சுற்றினால் மற்றது சுற்றும், அது வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். "வீணாப் போற புகைதான் ஏட்டி. அதையே வேலை வாங்கப் போறேன்" என்றாய். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "நத்தையக் கெட்டிக்கிட்டு வேகமாப் போவப் போறானாம்" என்றாள். டர்போ என்று நீ எத்தனை முறை சொன்னாலும், அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்கு நத்தை என்றே பெயர்.

அந்த ஆடி முழுக்க நீ பந்தலை விட்டு வெளியே வரவில்லை. லேத்துக்கடையில் கடைந்து வந்த வளையம் ஒரு நூல் பெரிதாக இருக்கும், திரும்ப ஓடுவாய். எஞ்சினிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் இழுத்து, நத்தையின் தண்டுக்கு எண்ணெய் போக வழி செய்தாய். குழாய் கசியும், புகை கசியும், நீ ஊரையே ஏசுவாய். மாட்டி முடித்துத் தென்காசித் தெருவில் ஓட்டினால் நத்தை இருப்பதே தெரியவில்லை. இலஞ்சி ரோட்டில் ஆளில்லாத இடத்தில் காலை முழுக்க அழுத்தியபோதுதான் மெலிதாக விசில் கேட்டது. கார் ஒரு எட்டு முன்னால் பாய்ந்தது. நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய்.

புனலூர் மிளகு வியாபாரி ஒருவர் வாராவாரம் சுரண்டைக்கு வந்துபோவார். அவரை எப்படியோ பேசிப் பிடித்துவிட்டாய். "ஒருத்தரையும் இறக்காம மேல ஏத்திட்டீன்னா இனி என் ஓட்டமெல்லாம் உனக்குத்தான்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். நீ அம்மாவிடம், "ஏறலன்னா வித்துருதேன், பொறவு இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்" என்றாய். ஆடி முடிந்து நான் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற நாளையே அதற்கும் வைத்தாய். வியாபாரி முன்னால், அவர் மனைவியும் நானும் பின்னால். எங்கள் மடியில் மூட்டை, காலடியில் பலாப்பழம்.

புளியரை தாண்டி முதல் வளைவில் அந்த அம்மாள் எப்படியும் நடக்க வேண்டும் என்று சேலையைச் சரிசெய்து இறங்கத் தயாரானார். நீ நிறுத்தவில்லை. விசில் கேட்டது. இரண்டாவது வளைவில் அது இன்னும் பெரிதாகி, பேச்சுக் கேட்காத அளவுக்கு ஊளையிட்டது. முன்மூடி இடுக்கில் சூடு அலை அலையாக எழும்பிற்று. கார் ஏறிக்கொண்டே இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை அண்ணே, ஒருவரும் இறங்கவில்லை. மலையுச்சியில், கோட்டைவாசலில் ரோடு சமமானதும் நீ பின்பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாய்.

"ஏறிச்சுல்லா, ஏட்டி!"

சிரித்தபடியே கியரை விலக்கிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாய். மலையிறங்கும்போது எஞ்சினை அணைத்து வண்டியைச் சும்மா உருள விடுவது உங்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவன் என்று உன்னை ஸ்டாண்டில் மெச்சுகிற ஒரே விஷயமும் அதுதான். ஆரியங்காவு வரை சத்தமே இல்லாமல் இறங்கினோம். டயர் உரசுவதும் ஓடைத் தண்ணீரும் மட்டும் கேட்டன. வியாபாரி உன் தோளைத் தட்டி, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். என் ஆயுளில் நான் அவ்வளவு நிம்மதியாக எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

தென்மலைக்கு அருகே இறக்கம் முடிந்து சாவியைப் போட்டாய். எஞ்சின் பிடித்தது. காலை அழுத்தியதும் இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம், பிறகு நீலப் புகை. நத்தை இறுகி உடைந்து, எண்ணெயெல்லாம் எஞ்சினுக்குள் போயிற்று. ஒரு குலுக்கு குலுக்கி எஞ்சின் நின்றது. அப்புறம் அது ஓடவே இல்லை. வியாபாரி உன்னை ஒரு சொல் ஏசவில்லை. "சாரமில்ல", பரவாயில்லை என்று தன் பாஷையில் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஏசியிருந்தாலாவது நீ ஏதாவது பதில் சொல்லியிருப்பாய். அவர்களோடு என்னையும் ரயிலுக்கு அனுப்பிவிட்டு நீ காருக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

பிறகு புனலூரில் ஒரு மெக்கானிக் என் புருஷனிடம் சொன்னாராம்: நத்தை அனலாகக் கிடக்கிற நேரத்தில் எஞ்சினை அணைத்தால் எண்ணெய் போவது நின்றுவிடும், உள்ளே இருக்கிற எண்ணெய் கருகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். மேலே போனதும் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டிருந்தால் போதுமாம். இவ்வளவுதான். இதைச் சொல்ல மலையின் இரண்டு பக்கத்திலும் ஓர் ஆள் இல்லாமல் போனார்.

ஸ்டாண்டில் கதை வேறாயிற்று. வழியில் கார் நின்றுவிட்டது என்று வியாபாரி சொன்னது உண்மைதான். எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை. "வளைவுலயே படுத்துட்டாம்லா" என்று முடித்துவிட்டார்கள். நீ சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நான் சொன்னதற்கு, "தங்கச்சிக்காரி வேற எப்படிச் சொல்லுவா" என்றார்கள். காரை உடைசலுக்குக் கொடுத்துவிட்டுச் சுரண்டையில் ஒரு சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்தாய். சாரல் மாதத்தில் குற்றாலம் பக்கமே வரமாட்டாய். நான் எப்போது வந்தாலும் நலம் கேட்பதற்கு முன்னால், "ஏறிச்சுல்லா?" என்பாய். "ஏறிச்சு அண்ணே" என்பேன். ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச்சு நின்றுபோன பிறகும், நான் உள்ளே வந்ததும் புருவத்தைத் தூக்கினாய். ஏறிச்சு என்றேன். அதோடு கண்ணை மூடிக்கொண்டாய்.

இன்று மகன் அந்தப் புதுக் காரில் என்னைத் தென்காசிக்குக் கூட்டிப்போனான். கோட்டைவாசலில் டீ குடிக்க நிறுத்திவிட்டு, ஏறிவந்த வேகத்தைச் சொல்லிச் சிரித்தான். சிரித்தபடியே அவன் கை எஞ்சினை அணைக்கப் போயிற்று. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அணைக்காதலே. கொஞ்சம் ஓடட்டும்."

"இந்த வண்டிக்கு அதெல்லாம் வேண்டாம்மா."

அப்போதுதான் அவனிடம் உன் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டான், மரியாதையாகத்தான் கேட்டான்.

"பேபி காரா? நாலு பேரு, சாமான் வேறயா? ஏறிருக்காதும்மா. உங்களுக்கு மறந்திருக்கும்" என்று என் கையை விலக்கி வண்டியை அணைத்தான்.

வியாபாரி இல்லை, அவர் மனைவியும் இல்லை. நானும் போய்விட்டால் அந்தக் கார் ஏறவில்லை என்றே ஆகிவிடும், அண்ணே.