கையெழுத்துப் போடாதே, கவின்

கண்ணு கவின்ராஜுக்கு மைசூரிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ரூபாவும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து உன் குரல் கேட்காமல் எங்களுக்கு என்ன சுகம் வேண்டிக்கிடக்கிறது. கப்பலில் டீசல் தீர்ந்தால் போனில் சார்ஜ் ஏறாது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குச் சொன்னால் புரிய வேண்டுமே, போட்ட சோறு தட்டில் காய்கிறது. உன் ரூபாவுக்குப் பிரசவத்துக்குப் பத்தாம் தேதி சொல்லியிருக்கிறார்கள், கால் வீங்கிக் கிடக்கிறாள், பக்கத்து வீட்டு பசவராஜ், ஏனும் யோசனே மாடபேடி அண்ணா, ஒண்ணும் கவலைப்படாதீங்க, ஆட்டோ வாசல்லயே நிக்கும் என்கிறான். இந்தக் கடிதத்தை போர்ட் பிளேரில் உங்களுக்குத் தண்ணீர்ப் படகு ஓட்டும் சந்திரன் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவர் உன் கையில் தருவார். படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதே.

போனில் நீ, கம்பெனிக்காரன் நீட்டுற காகிதத்துல நான் ஒருத்தன் கப்பல் காவலுக்குக் கையெழுத்துப் போட்டா மத்த பதினோரு பேரும் வீட்டுக்குப் போயிரலாம், நீங்களும் அப்படித்தானப்பா செஞ்சீங்க என்று கடைசியாகச் சொன்னாயே, அந்தப் பேச்சுத்தான் என்னைக் கொல்கிறது. பூர்வசாகர் கம்பெனி கதையைச் சோற்றோடு ஊட்டி உன்னை வளர்த்தவன் நான். எழுபத்திரண்டில் ஒரே ஒரு பழைய கப்பல், மேல்தட்டில் ஆட்கள், கீழே வெங்காயமும் சிமெண்டும் கறவை மாடும், சென்னையிலிருந்து அந்தமானுக்கு மூன்று நாள். நான் சேர்ந்தபோது நாலு கப்பல். தொண்ணூற்று மூன்றில் ஏதோ வழக்கில் கோர்ட்டு பூர்வஜோதி கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தியது, நான் ஏழு மாதம் தனியாகக் காவல் இருந்தேன், அதற்குக் கொடுத்த நற்சான்றிதழைத்தான் ஹாலில் மாட்டிவைத்தேன். பிறகு புது முதலாளி வந்தார், ஜனங்கள் விமானத்துக்கு மாறினார்கள், ஆட்கள் ஏறுவது நின்று சிமெண்டு மட்டும் போனது, இப்போது அதுவும் நின்று நீங்கள் நங்கூரத்தில் கிடக்கிறீர்கள். இவ்வளவும் உனக்குத் தெரியும், தெரியாதது ஒன்று இருக்கிறது.

நான் வீரத்தில் இருக்கவில்லை கண்ணு. ஒரு வாரம்தான் என்றார்கள், நம்பிப் போட்டேன். போட்டவன், இன்னொருவன் வந்து அவனுக்குப் பதில் கையெழுத்துப் போடும்வரை இறங்க முடியாது, யாரும் வரவில்லை. அப்போது உனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாள். அம்மா காவேரி என்று பெயர் வைத்தாள், பிள்ளை கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தாள், போய்விட்டாள். தந்தி கப்பலுக்கு வந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க வழியில்லை. என் பிள்ளை முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த வெட்கத்தை மூடத்தான் சான்றிதழை மாட்டிப் பெருமை பேசினேன். வீடு முழுக்கத் துடைக்கிற உன் அம்மா அதை மட்டும் ஒரு நாளும் துடைத்ததில்லை, நேற்று நானே கழற்றிவிட்டேன்.

ஐயோ, அவ்வளவு நல்லவனாக இருக்காதேடா. நீயும் போடாதே, வேறு எவனையும் போட விடாதே, பன்னிரண்டு பேரும் சேர்ந்து துறைமுக அதிகாரிக்கு மனு எழுதி சந்திரனிடம் கொடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டாயென்றால் பயப்படாதே, நான் வருகிறேன். மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. வயசு அறுபத்தாறு, கப்பல்காரன் அனுமதிப் புத்தகம் காலாவதி, ஒரு கண்ணில் ஆபரேஷன், எல்லாம் தெரியும், கால் பிடித்தாவது அந்தக் காகிதத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி ஏறிக்கொள்கிறேன், நீ இறங்கிப் போய் உன் பிள்ளை முகத்தைப் பார். அம்மாவிடம் சொன்னேன், அவள் என் கம்பளியை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. மலை மாதேஸ்வரன் உன்னைக் கரை சேர்ப்பான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
செல்லக்கண்ணு