மூவாயிரம் வாட்ஸ் பெட்டி

மாப்ளே, இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ கடையை மூடுவாய், திருப்பூர் போவாய், எனக்கு முன்னால் போய்ச் சேருவாய், அம்புட்டையும் உன் முகத்தைப் பார்த்தே கணித்தவன் நான். படிப்பு ஏழாவதுதான். ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் என் வாக்கு தப்பியதில்லை.

இன்று காலை கார் டிக்கியைத் திறந்தேன். அதே வாடை, செம்புக் கம்பி கருகிய வாடை. கெட்டுப்போன சப்வூஃபர் ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்து நாலு வருஷம் ஆகிறது. டிக்கியை மூன்று தடவை கழுவியாயிற்று. நீ செத்த சேதி வந்த நாளிலிருந்து திறக்கும்போதெல்லாம் அடிக்கிறது. என் வீட்டுக்காரி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்கிறாள்.

அப்போது ராஜபாளையத்தில் காருக்குப் பாட்டு செட் மாட்ட உன்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெயரே என்னால் வந்ததுதான். முதல் வண்டி என்னுடையது அல்லவா. என் சப்வூஃபருக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப் வாங்க இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் தங்க எழுத்தில் மூவாயிரம் வாட்ஸ். இன்னொன்றில் வெறும் ஐந்நூறு.

"ஏலே, பெட்டி மேல போட்டிருக்கத நம்பாத," என்றேன் நான். "விடாம எம்புட்டு வாட்ஸ் தரும்னு உள்ள பொடி எழுத்துல இருக்கும், அதப் படி. இந்த மூவாயிரம் எரநூறுகூட சுத்தமாத் தராது. பத்தலைன்னு முழுசாத் திருகுவோம், சத்தம் ஒடைஞ்சு வரும், ஊஃபருக்குள்ள செம்புக் கம்பிச் சுருள் கருகிப்போவும்."

"மூவாயிரம் பெருசா ஐந்நூறு பெருசா, மச்சான்?" என்றாய் நீ. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

மாட்டிய அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் போனபோது ஜட்ஜே ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பால்கோவாக் கடைகளில் தட்டுகள் தாமாக நகர்ந்தன. ஆறாம் நாள் டிக்கியிலிருந்து புகை. டீக்கடையில் கேட்டவர்களிடமெல்லாம், "அவன் பாத்து எடுத்த ஆம்ப்புப்பா, எனக்கென்ன தெரியும்" என்றேன். அந்த மாதமே உன் கடைக்கு வண்டி வருவது நின்றது. நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

நேற்று உன் மனைவி வந்திருந்தாள். "அண்ணே, அவியளுக்கு ஒரு ஆம்ப் பாத்து எடுக்கத் தெரியாதுன்னு ஊர்ல இன்னமும் சொல்லுதாவ. கூடப் போனது நீங்க. நெசமாண்ணே?"

"நெசந்தாம்மா," என்றேன். காபி கொடுத்தோம். அவள் குடிக்காமல் போனாள்.

மாப்ளே, எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி, உனக்கு எழுதும்போதுகூட அப்படியேதான் கை எழுதுகிறது. பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னவன் நீ. தங்க எழுத்துப் பெட்டியை வாங்கி ஊர் வரும்வரை மடியில் வைத்திருந்தவன் நான். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆளை மாற்றிவிட்டேன்.