பக்கத்துச் சீட்டின் பிரேக்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் குளிரில் விறைத்துப் போகாமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா பரம சௌக்கியம், நான் அவள் அனுமதித்த அளவுக்குச் சௌக்கியம். தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் வேறு எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்துகிறாள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பொடியன் போனைப் பிடுங்கி அணைத்துவிடுகிறான். தவிரவும், மூன்று மாதமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். நாங்கள் வந்து இறங்குவதற்குள் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும். பேச்சில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். நிறுத்துவதில் உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்கே தெரியும், முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனுக்கு மாணவர்கள் வைத்த பெயரே பிரேக் வாத்தியார்தானே.

முதலில் பயண ஏற்பாடுகள். கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அதற்கு நான் நாலு நடை நடந்தேன், ஒவ்வொரு நடைக்கும் ஒரு காகிதத்தை மறந்தேன். வீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் குடி வருகிறார். உன் அம்மாவின் தையல் மெஷின் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது, அன்று முழுக்க அவள் அது இருந்த மூலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சான்றிதழ்களை எல்லாம் மும்மூன்று நகல் எடுத்து மூன்று கவரில் போட்டு, எந்தக் கவர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு பட்டியலும் எழுதினேன், அந்தப் பட்டியலைத்தான் இரண்டு நாளாகத் தேடுகிறோம். பெட்டியை எடை போடுவது அதைவிடக் கூத்து. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நின்றால், பெட்டியே எண்ணை மறைக்கிறது. உன் அம்மா தரையில் படுத்து எட்டிப் பார்த்து, மூன்று கிலோ அதிகம் என்றாள். திறந்து பார்த்தால் நான் ரகசியமாக உள்ளே வைத்த ஒரு சாமான் மாட்டிக்கொண்டது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். விசா வந்த அன்று நீ போனில் என்ன சொன்னாய்? "அப்பா, நீங்க வந்துட்டா போதும், பொடியன ஸ்கூல்ல விடற கவலை எனக்கு விட்டுது" என்றாய். உனக்கு விடியற்காலையில் ஆஸ்பத்திரி டியூட்டி, மாப்பிள்ளை வார இறுதியில்தான் வீட்டுக்கு வருகிறார், அந்தத் தெருவில் பஸ்ஸும் கிடையாது. அப்பாடா, அந்த ஊரிலும் நமக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். உங்கள் ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், பழக நாளாகும் என்று பக்கத்துவீட்டு எலக்ட்ரீஷியன் பயமுறுத்தினார். யாரிடம் சொல்கிறார்? முப்பத்தொரு வருஷமாக மாணவனை வலது பக்கம் உட்கார வைத்து, நான் இடது பக்கம்தானே உட்கார்ந்திருக்கிறேன்! அந்தப் பக்கம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பயிற்சி வண்டியில் என் பக்கம் கிளட்சும் பிரேக்கும் மட்டும்தான், ஆக்சிலேட்டரே இல்லை. அதற்கு ஒரு யோசனை செய்தேன் பார், வேறு எந்த முட்டாளுக்கும் தோன்றாது. உன் அம்மாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஆக்சிலேட்டரை மட்டும் மிதிக்கச் சொல்வது, ஸ்டியரிங், கியர், கிளட்ச், பிரேக் எல்லாம் என் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொள்வது. குடோனுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அவள் மிதிக்க, நான் நிறுத்த, வண்டி தவளைபோல நாலு தாவு தாவி மணல் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. காவலாளி ஓடி வந்து, "யாருங்க ஓட்டினது?" என்றார். ரெண்டு பேரும்தான் என்றேன். அவர் என் வாயை மோந்து பார்த்தார்.

அடுத்த வாரம் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வாங்கப் போனேன். டாக்டர் ஒரு கருவிக்குள் தலையை விடச் சொல்லி, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார். வெளிச்சமே போடாமல் காக்க வைக்கிறாரே என்று நான் உட்கார்ந்திருந்தேன். அவர் போட்டுக்கொண்டேதான் இருந்தாராம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இரண்டு பக்கமும் ஓரப் பார்வை தேய்ந்துவிட்டது. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். கொஞ்ச நாளாகக் கதவு நிலையில் எல்லாம் தோளை இடித்துக்கொண்டேன், நிலையைத்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்து டாக்டர் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். சொட்டு மருந்தை ஷேவிங் பெட்டிக்குள் ஒளித்தேன். பத்தாம் நாள் உன் அம்மா கண்டுபிடித்தாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மருந்துப் புட்டியை என் கையில் வைத்துவிட்டு, "அப்ப எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்றாள்.

ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த நான், கட்டினவளுக்கு ஒருநாள் கற்றுக் கொடுத்ததில்லை. அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன், அவளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள், கற்றும்கொண்டாள். மோட்டார் வைத்த தையல் மெஷினில் இருபது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்த கால் அது. "துணி சுருங்காம மிதிக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு இரண்டாம் வாரமே மெத்தென்று ஓட்டினாள். இடைஞ்சல் எல்லாம் என் கால்தான். அவள் நல்லபடி போகும்போதும் நான் பிரேக்கை மிதிப்பேன். ஒருநாள் நடுரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, "உங்க கால எடுங்க. எடுத்தாத்தான் ஓட்டுவேன்" என்றாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன். போன திங்கட்கிழமை டெஸ்ட். எத்தனையோ பேரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் மூன்று தரம் பாத்ரூம் போனேன். அவள் முதல் தடவையிலேயே பாஸ். உங்கள் ஊரில் மறுபடி ஒரு டெஸ்ட் உண்டு என்று தெரியும், அதற்கும் இப்போதே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த மூன்று கிலோ சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் முடிந்ததும் வண்டியை விற்றாயிற்று, வாங்கியவர் என் பக்கத்துப் பெடல்களைக் கழற்றிவிட்டுத் தரச் சொன்னார். மெக்கானிக் கழற்றிப் போட்டதும் மனசு கேட்கவில்லை, ஒரு துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். உன் அம்மா அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இத அங்க எங்க மாட்டப் போறீங்க?" என்றாள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். உனக்கு அந்த ஊர் வேலை உத்தரவு வந்த அன்று ஒரு வருஷம் பொறுத்துப் போயேன் என்றவன் நான். உன்னை மூன்றாவது கியருக்கு மேல் விட்டதே இல்லை, நீ அங்கே போய் வேறு யாரிடமோ நெடுஞ்சாலையில் ஓட்டக் கற்றாய். இப்போது உனக்கு உதவியாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வண்டி ஓட்ட முடியாத, சொட்டு மருந்துக்கு நேரம் பார்க்க வேண்டிய ஒரு ஆளாக வருகிறேன். உனக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது, அம்மா. அதைத்தான் மூன்று மாதமாகச் சொல்ல முடியவில்லை. தாத்தா கொண்டுபோய் விடுவார் என்று பொடியனிடம் சொல்லியிருந்தால், பாட்டி என்று மாற்றிச் சொல். தாத்தா கூட வந்து புத்தகப் பையைத் தூக்குவார்.

கண் டாக்டர் ஒருவரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வை. சரியாகத் தூங்காமல் விடியற்காலை டியூட்டிக்கு வண்டியை எடுக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். எங்களை அழைக்க விமான நிலையத்துக்கு நீயே ஓட்டி வா. உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன். உங்கள் ஊரில் அது வலது பக்கம், இத்தனை வருஷம் என் மாணவர்கள் பயந்துகொண்டு உட்கார்ந்த பக்கம். நீ எவ்வளவு வேகமாகப் போனாலும் வாயைத் திறக்கமாட்டேன். கால் மட்டும் பழக்கதோஷத்தில் தரையை மிதிக்கும். அதைப் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போ.

இப்படிக்கு,
பிரேக் பிடுங்கப்பட்ட வாத்தியார்,
உன் அப்பா