பத்து விநாடிக் குறட்டை

அன்புள்ள சின்னவளின் அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? இருந்தாலும் கேட்கிறேன். கட்டுப் பிரித்தாயிற்று, வலது கையில் மிச்சமிருக்கும் மூன்று விரலால் டம்ளர் பிடிக்கப் பழகுகிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். அதற்கு மேல் என்னோடு பேசப் பிடிக்காமல் போனை வைத்துவிட்டார். வைக்கட்டும், தப்பில்லை.

இங்கே வீடு வீடாக இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. சின்னவளின் ஒற்றைச் செருப்பு கட்டிலுக்கடியில் கிடந்தது. இன்னொன்று அங்கே, உன் அண்ணன் வீட்டில் இருக்கிறதா பார்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் உன்னைத் தூக்கப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாரே, தலை முழுக்க ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்களே, அந்த ரிப்போர்ட் இந்த விலாசத்துக்கு வந்துவிட்டது. பிரித்தேன். முதல் பக்கத்தில் ஐந்தே முக்கால் மணி நேரம் தூங்கியதாகப் போட்டிருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொட்டுத் தூக்கமில்லை என்று ஆறு வருஷமாகச் சாதித்தாயே, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க அப்போதே பஸ் ஏறியிருப்பேன். அவ்வளவு கேவலமான மனுஷன் நான்.

இரண்டாம் பக்கம் புரியாமல் டாக்டரிடம் போனேன். அந்தம்மா பொறுமையாகக் கோடுகளைக் காட்டினார். ஆழ்ந்து தூங்கும்போது மூளையில் அலைகள் பெரிதாக, மெதுவாக வருமாம். உனக்கும் வருகிறது. ஆனால் சில இடங்களில் மட்டும், விழித்திருப்பவர்களுக்கு ஓடுகிற மாதிரி பொடிப்பொடியாக, வேகமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்பு தூங்கும், குறட்டைகூட வரும், உள்ளே ஒரு பகுதி கொட்டக் கொட்ட விழித்திருக்கும், உங்கள் மனைவி தூங்கவில்லை என்று சொன்னது பொய்யில்லை என்றார். உன் புருஷன் என்று சொல்லிக்கொள்ளவே கூசிற்று.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில், தூக்கமில்லை, வெட்டுகிற மெஷினிலிருந்து ஒரு மாசம் பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று நீ கேட்டாய். சூப்பர்வைசர் எனக்குப் போன் பண்ணி விசாரித்தார். நான் என்ன சொன்னேன் என்று உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அவளா, கும்பகர்ணி ஆச்சே சார், குறட்டையில கூரை பிச்சுக்கிட்டுப் போகுது என்றேன். அவரும் சிரித்தார். உன்னை மெஷினிலேயே விட்டார்கள். பதினோராம் நாள் விரல் போயிற்று. இப்போது உன் கவனக்குறைவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சொன்னது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரிப்போர்ட் நகலோடு நேற்று கம்பெனியில் நேரில் கொடுத்தேன். அதனால் விரல் வராது. தெரியும்.

இன்னொன்று. உன் குறட்டையைப் போனில் பதிந்து, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேனே. பத்து விநாடிக்குள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள், நிறுத்திவிடுவேன். நீயும் சிரித்திருக்கிறாய். நேற்றுத்தான் கடைசிவரை கேட்டேன். நடுவில் நான் சின்னவளிடம், பாருடி, உங்கம்மா தூங்கவே இல்லையாம் என்று சொல்லிச் சிரிக்கிறேன். குறட்டை நிற்கிறது. கேக்குதுங்க என்கிறாய். பிறகு மறுபடி குறட்டை. என் சிரிப்புச் சத்தத்தில் அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை.

வா என்று கூப்பிட வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னால் பேனா பிடிக்க முடியாது, சின்னவளிடம் சொல்லி எழுதச் சொல். நேற்று நீ தூங்கினாயா, இல்லையா? எது சொன்னாலும் நம்புகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சின்னவளின் அப்பா