பத்து மணிக்குச் சாப்பிட்ட ஆறு பேர்

ஏட்டி,

இன்று நம் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு தச்சுக்கடை வாசலில் ப்ளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மரமும் பசையும் கலந்த அந்தப் புளிப்பு வாடை மூக்கில் ஏறியதும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தச்சன் ரம்பத்தை நிறுத்திவிட்டு, "க்யா ஹுவா, அம்மா?" என்றான். அவனிடம் எங்கிருந்து தொடங்குவது? அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமானால் என்ன, கதை உன்னுடையதுதானே.

அறுபதுகளில் நம் பக்கத்து மர ஆலையில் முதன்முதலாகப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். நாம் இருவர், தெலுங்குக்காரிகள் இருவர், வங்காளத்துக்காரிகள் இருவர். பென்சில் சீவுவதுபோல் இயந்திரம் பெருமரத்தை ப்ளைவுட்டுக்கான மெல்லிய ஏடுகளாகச் சீவித் தள்ளும். அந்த ஏடுகளில் ஓட்டை, விரிசல் பார்த்துத் தரம் பிரித்து அடுக்குவது நம் வேலை. ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். எனக்கு அது வாழ்வா சாவா என்கிற மாதம். ஒற்றைச் சம்பளத்தில் இங்கே குடித்தனம் ஓடாது என்று, என்னை அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஊர் என்றால் மாமியார் வீடு. மேலே சொல்லவும் வேண்டுமா?

ஆலைச் சங்குதான் அப்போது நம் வட்டாரத்துக்கே மணி. ஊரில் நிழலைப் பார்த்து உச்சிப்பொழுதைச் சொல்லிவிடுவோம். விளக்கெரியும் கொட்டகைக்குள் நிழல் நகரவா செய்யும்? மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு மழை இருட்டில், மெயின்லாண்டுக் கப்பல் வந்து ஊதியது. இயந்திர இரைச்சலில் நமக்கு அது சாப்பாட்டுச் சங்காகக் கேட்டது. ஆறு தூக்குச்சட்டியும் திறந்தன, மீன்குழம்பு வாசனை கொட்டகையைத் தூக்கியது. என்னை ஏற்றிப்போக வந்த கப்பலே என் வேலைக்கும் வேட்டு வைத்தது.

சூப்பர்வைசர் வந்து நின்றார். "யே க்யா? தஸ் பஜே கானா?" பத்து மணிக்கே சாப்பாடா என்று கத்தினார். நான் தூக்குச்சட்டியை மூடினேன். நீ வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு எழுந்தாய்.

"சாப், கடி கஹாங்? ஆம்பளைங்க பக்கம் சுவத்துல கடியாரம் மாட்டி வச்சிருக்கிய. ஹமாரா தரஃப் குச் நஹி. கப்பல் ஊதுதா, ஆலை ஊதுதான்னு நாங்க ஜோசியமா பாக்க முடியும்?"

தமிழ் அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். வெறும் சுவரைக் காட்டிய உன் விரல் முழுக்கப் புரிந்தது. "தோ பாரா பஜே?" என்றார், அப்போ பன்னிரண்டு மணிக்கு என்ன செய்வீர்கள் என்பதுபோல.

"பாரா பஜே காம் கரேகா, சாப். ஒருத்தியும் எந்திரிக்க மாட்டோம்."

எங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தாய். மற்ற ஐந்து பேரும் உன்னை முறைத்தோம். ஆனாலும் நிஜச் சங்கு ஊதி ஆண்களெல்லாம் சாப்பிடப் போனபோது, தேங்கிக் கிடந்த ஏடுகளை நின்றபடியே அடுக்கித் தீர்த்தோம். சூப்பர்வைசர் அந்த அடுக்குகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "டீக் ஹை" என்றார். மாதக் கடைசியில் ஆறு பேரையும் வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கப்பல் மெயின்லாண்டுக்குத் திரும்பிய அன்று நீயும் நானும் துறைமுக ஜெட்டிக்குப் போனோம். நான் கை காட்டினேன். "யாருக்குட்டி காட்டுத?" என்றாய். "அதுல போயிருக்க வேண்டியவளுக்கு" என்றேன். எதற்கும் கலங்காதவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாய். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அடுத்த வாரம் கடிகாரம் வந்தது. நீ இடுப்பில் கை வைத்து அதை அண்ணாந்து பார்த்தாய். மணி என்ன என்று கேட்டேன்.

"எனக்கென்னட்டி தெரியும்? மொதல்ல வரட்டும்னு கேட்டேன். பொறவு படிச்சுக்கிடுவோம்."

பாவி! பெரிய முள் எது, சின்ன முள் எது என்று ஆறு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அதற்குப் பிறகு கேட்டு வாங்குவதில் நீ ருசி கண்டுவிட்டாய். பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்ட ஆலையில் ஓர் இடம் கேட்டாய். இரண்டு வருடம் கேட்டு வாங்கினாய். நான் காலை ஷிப்டுக்குப் போகும் நாட்களில் என் வீட்டுக்காரர் கஞ்சி வடிக்கப் பழகினார். அவர் கையைச் சுட்டுக்கொண்டதைத் தெரு முழுக்கச் சொன்னவளும் நீதான்.

இப்போது நான் குட்வில் எஸ்டேட்டில் மகளோடு இருக்கிறேன். பஸ் நிற்கும் இடத்தில் மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டும் என்று விடாமல் மனு எழுதிப் போட்டேன். "இந்த வயசுல ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று மகள் சலித்துக்கொண்டாள். போன மாதம் கூரை வந்துவிட்டது.

நேற்று உட்கார ஒரு பெஞ்சு கேட்டு எழுதினேன். இரண்டு பேர் தாராளமாக உட்காரும் நீளத்தில்.